பொழுதோட ஆராதனை இனி இல்லீங்க

போன வருடம் ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு. காணிக்கைப் பாட்டுக்கு முன்னால் செக்ரட்டரி எழுந்து வழக்கம்போல அறிவிப்புகளை வாசித்தார். இரண்டு கல்யாண ஓலை, ஒரு நன்றி அறிவிப்பு, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். ஜூன் முதல் ஞாயிறிலிருந்து காலை ஆறரைக்கு முதல் ஆராதனை, ஒன்பதரைக்கு இரண்டாம் ஆராதனை. ஞாயிறு பள்ளி இரண்டாம் ஆராதனை நேரத்திலேயே பக்கத்து ஹாலில். மாலை ஆராதனை நிறுத்தப்படுகிறது.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது. "அப்ப பொழுதோட கோயிலு இல்லீங்களா?"

"இல்லீங்க ஆத்தா" என்றார் செக்ரட்டரி. எங்கள் கோயிலில் ஆராதனை நடுவே கேள்வி பதில் நடந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நொய்யலுக்கும் காவிரிக்கும் நடுவே ஒரு சின்ன டவுன் எங்களுடையது. தென்னிந்தியத் திருச்சபைக் கோயில். அதுவரைக்கும் எட்டு மணிக்கு ஞாயிறு பள்ளி, ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் ஒரே ஆராதனை, மாலை ஆறரைக்குச் சின்னதாக இன்னொன்று. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். அடுத்த இரண்டு மாதம் கோயில் வாசலில், டீக்கடையில், ஒறம்பரை வீட்டு விசேஷங்களில் எல்லாம் இதே பேச்சு. அத்தனை பேச்சிலும் வேத வசனத்தை யாரும் எடுத்து விடவில்லை. ஆறரையா ஒன்பதா என்பதற்கு வசனம் கிடையாது. பணம் சம்பந்தப்பட்டதும் இல்லை. ஆனாலும் ஏதோ சாவு விழுந்த வீடு மாதிரி ஒரு துக்கம். நேரம் மாறினால் மாறிய நேரத்துக்குப் போக வேண்டியதுதானே, இதில் துக்கப்பட என்ன இருக்கிறது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

"ஆதியிலிருந்து ஒன்பது மணிதான்" என்று ஒரு பெரியவர் சொன்னார். ஆதியில் ஒன்பது மணி இல்லை. கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் பொழுது விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள் என்று எழுதுகிறார். விடிந்த பிறகு கூட முடியாது. ரோம ராஜ்ஜியத்தில் ஞாயிறு விடுமுறை நாள் இல்லை, அடிமைக்கும் கூலிக்காரனுக்கும் அது இன்னொரு வேலை நாள். துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதல் நாளில் பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கம் பண்ணியதும், ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்ததும் அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. "நாளெல்லாம் வேலை பாத்துட்டு வந்த பையனா இருக்கும், பாவம்" என்று எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர் அவனுக்காகப் பரிந்து பேசுவார். 321-இல் கான்ஸ்டன்டைன் போட்ட ஆணையில்தான் ஞாயிறு ஓய்வு நாளாகிறது. அதிலும் நகரத்தாருக்கும் பட்டறைக்காரர்களுக்கும்தான் ஓய்வு. விவசாயிகள் தாராளமாக வேலை செய்யலாம், விதைக்கிற பருவத்தைத் தவற விடக் கூடாது என்று விலக்கு இருந்தது. வாய்க்காலில் முறைத்தண்ணீர் வருகிற ஞாயிறுகளில் எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்கள் பக்கம் காலியாகக் கிடப்பதை அந்த ராஜா ஒப்புக்கொண்டிருப்பார்.

இந்தியாவில் ஆலைத் தொழிலாளிக்கு வாராந்திர விடுமுறை 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தோடு வந்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி அதைக் கேட்டுப் போராடினார். 1830-இலேயே லண்டன் மிஷன் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டது. ஆக, கொங்கு நாட்டுப் பழைய சபைகளில் முதல் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஞாயிறு என்பது கோயில் நாள்தானே தவிர விடுமுறை நாள் இல்லை. மிஷனரி மாட்டு வண்டியிலோ குதிரையிலோ ஊர் ஊராகப் போவார். அவர் வருகிற நேரம்தான் ஆராதனை நேரம். வராத வாரங்களில் உபதேசியார் நடத்துவார். அந்தப் பழக்கத்தின் மிச்சம் இன்றைக்கும் உண்டு. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950-இல் கோயம்புத்தூர் தனித் திருமண்டலமான பிறகும், ஒரு ஆயர் மூன்று நான்கு கிராமத்துக் கோயில்களைப் பார்த்துக்கொள்கிற நிலை மாறவில்லை. "ஐயரு வர்ற ஞாயித்துக்கெழம" என்று ஆயரைத்தான் கிராமத்தில் சொல்வார்கள், அன்றைக்குத்தான் திருவிருந்து. மற்றக் கோயில்களின் நேரமெல்லாம் அவர் எங்கே முடித்துவிட்டு எப்போது பைக்கை எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

எங்கள் ஒன்பது மணிக்கும் இப்படி ஒரு காரணம் இருந்திருக்கிறது. எட்டரைக்கு ஊருக்குள் வரும் டவுன் பஸ். சுற்றுப்பட்டு நான்கைந்து ஊர்ச் சனம் அதில் வந்து இறங்கி, முகம் கழுவி, ரெண்டாம் மணி அடிக்கிறபோது உள்ளே போக ஒன்பது தோதாக இருந்தது. அந்த பஸ் நின்று பதினைந்து வருடமாகிறது. பஸ் போன பிறகும் நேரம் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

மாலை ஆராதனை மில்லுக்காக வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயம்புத்தூரிலும் சுற்றிலும் பஞ்சாலைகள் வரிசையாக முளைத்தன. பஞ்சாலை ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்து நிற்காது. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம், 52-ஆம் பிரிவில், வாரத்தின் முதல் நாளான ஞாயிறு விடுமுறை என்று சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக மூன்று நாள் முன்போ பின்போ வேறு நாள் விட்டால் ஞாயிறன்றும் வேலை வாங்கலாம் என்று வழி வைத்திருந்தது. எங்கப்பாரு முப்பது வருடம் மில்லில் இருந்தவர். பாதி ஞாயிறுகள் அவருக்குக் காலை ஷிப்ட். மூன்றரைக்குச் சங்கு ஊதும், வீட்டுக்கு வந்து தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக் குளித்துவிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் கோயில் முதல் மணி கேட்கும். மில் சங்கும் கோயில் மணியும் பேசி வைத்துக்கொண்டு அடிப்பது போலிருக்கும் என்பார். மில் மூடியது, சங்கு நின்றது, அப்பாரும் போய்விட்டார்.

மாலை ஆராதனை மட்டும் நிற்கவில்லை. மில்காரர்கள் விட்டுப் போன இடத்துக்கு இரண்டு கூட்டம் வந்து சேர்ந்தது. ஒன்று, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள். அங்கே வாரச் சம்பளம், சனிக்கிழமை போடுவார்கள். காலை எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டரைக்கு இறங்குகிற ஒன்றரை ஷிப்ட் வாரம் முழுக்க. சம்பளத்தை வாங்கி, பாக்கியைக் கொடுத்து, பஸ்ஸைப் பிடித்து வீடு வந்து சேர நடுராத்திரி ஆகிவிடும். அவர்களை ஞாயிறு காலை ஆறரைக்குக் கோயிலுக்கு வா என்று சொல்கிறவர் ஒரு வாரமாவது கட்டிங் டேபிள் பக்கம் நின்று பார்க்க வேண்டும். திருப்பூரிலேயே சில ஆலயங்களில் மதியத்துக்கு மேல் இந்தியில் ஆராதனை வைக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகளும் இதே கடிகாரத்தில்தான் ஓடுகிறார்கள்.

இரண்டாவது கூட்டம் வயசான பெண்கள். இதைத்தான் கமிட்டி கணக்கில் எடுக்கவில்லை. மாலை ஆராதனைக்கு எண்ணினால் முப்பது தலைதான் தேறும், கரண்ட் பில்லும் ஆயரின் நேரமும் வீண் என்றார்கள். அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆயர் ஞாயிறு மத்தியானம் இரண்டு கிராமக் கோயிலுக்குப் போய் வருகிறார், மனிதருக்கு ஓய்வு வேண்டாமா? ஒன்பது மணி ஆராதனையில் இடம் போதாமல் வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தோம். வண்டி நிறுத்த இடமில்லாமல் பக்கத்து வீட்டாரோடு வாரா வாரம் சண்டை. பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் நீட் டெஸ்ட். காலையில் இரண்டாகப் பிரிக்க எல்லா நியாயமும் இருந்தது.

கத்தோலிக்க நண்பர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அவர்கள் பார்த்த மாற்றத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. கருமத்தம்பட்டிப் பக்கத்து நண்பர் ஒருவரின் அம்முச்சி நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்து, விடியால பூசைக்குப் போய் நன்மை (திருவிருந்து அப்பம்) வாங்கிய தலைமுறை. அப்போதைய சட்டம் அப்படி. 1917-இன் திருச்சபைச் சட்டப்படி, விடிவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்போ, நண்பகல் கடந்து ஒரு மணி நேரத்துக்குப் பின்போ பூசையைத் தொடங்கக் கூடாது. பட்டினியும் இந்த வரம்பும் சேர்ந்துதான் பூசையைக் காலையில் கட்டி வைத்திருந்தன. 1953-இல் பன்னிரண்டாம் பயஸ் தண்ணீர் குடித்தால் பட்டினி முறியாது என்றார், மாலைப் பூசைக்கும் மறைமாவட்ட ஆயர்கள் அனுமதி தர வழி விட்டார். 1957-இல் பட்டினி மூன்று மணி நேரமானது. 1964-இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். 1983-இன் சட்டமோ சனிக்கிழமை மாலைப் பூசை கண்டாலே ஞாயிறு கடன் தீர்ந்தது என்று சொல்லிவிட்டது. முப்பது வருடத்தில் விடியற்காலை ஞாயிறு, சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் நகர்ந்து போனது. அந்த அம்முச்சி கடைசி வரைக்கும் வெறும் வயிற்றோடுதான் பூசைக்குப் போனாராம். "சட்டம் மாறினா பசி மாறிடுமா" என்று கேட்பாராம். இதற்கு என்ன அர்த்தம் என்று பேரனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் மறக்க முடியவில்லை.

இந்த விஷயத்தை எழுத்தில் மிகத் தெளிவாகப் பதிந்து வைத்திருப்பது மார்மன்கள் என்று வெளியே அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. கோயம்புத்தூரிலும் அவர்கள் கூடுகிறார்கள். எண்ணிக்கையில் சிறிய கூட்டம். அமெரிக்காவில் அவர்களுடைய பழைய ஞாயிறு நம் மிஷன் ஞாயிறு போலவே நீளமானது. காலையில் ஆண்களின் ஆசாரியத்துவக் கூட்டம், பிறகு ஞாயிறு பள்ளி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மாலையில் திருவிருந்துக் கூட்டம். பெண்களின் ஒத்தாசைச் சங்கமும் குழந்தைகளின் ஆரம்ப வகுப்பும் வார நாட்களில். 1980 மார்ச்சில் அத்தனையையும் ஒரே மூச்சில் மூன்று மணி நேரமாகச் சுருக்கினார்கள். எழுபதுகளின் பெட்ரோல் விலை ஒரு காரணம், உறுப்பினர்கள் தூரம் தூரமாகப் பரவிப் போனது இன்னொன்று, குடும்பத்தோடு இருக்க நேரம் வேண்டும் என்பதும் சொல்லப்பட்டது. பிறகு 2018 அக்டோபர் 6-ஆம் தேதி, அவர்களுடைய பொது மாநாட்டில், அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் அந்த மூன்று மணியையும் இரண்டாக்கினார். 2019 ஜனவரியில் வந்த அட்டவணைப்படி திருவிருந்துக் கூட்டம் 60 நிமிடம், இடையில் 10 நிமிடம், வகுப்பு 50 நிமிடம். ஞாயிறு பள்ளி முதல், மூன்றாம் ஞாயிறுகளில். ஆண்களின் குழுமமும் பெண்களின் சங்கமும் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில். மிச்சப் படிப்பு வீட்டில், குடும்பத்தோடு.

இதில் என் கண்ணில் பட்டது அந்தப் பத்து நிமிடம். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக ஒதுக்கிய நேரம். அட்டவணையில் அதையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். எங்கள் கோயில் அட்டவணையில் அப்படி எதுவும் எழுதப்பட்டதில்லை. எழுதாமலேயே இருந்தது. ஞாயிறு பள்ளி எட்டே முக்காலுக்கு முடியும், ஆராதனை ஒன்பதுக்கு. அந்தக் கால் மணி நேரத்தில் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் ஓடிப் பிடித்து விளையாடும், பஸ்ஸில் வந்தவர்கள் வந்து சேர்வார்கள், டீச்சர்கள் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரவர் அப்பா அம்மாவிடம் "உங்க பையன் வசனமே படிக்கிறதில்லீங்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஆராதனை முடிந்த பிறகு அரை மணி நேரம். மஞ்சள் விலை, மாப்பிள்ளை பார்ப்பது, ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள், யாருக்கு ரத்தம் தேவை என்பதெல்லாம் ஓடும். என் அக்காவின் கல்யாணம் அந்த அரை மணி நேரத்தில்தான் பேசி முடிந்தது.

ஜூனுக்குப் பிறகு ஆறரை ஆராதனை எட்டு மணிக்கு முடிகிறது. அந்தக் கூட்டம் வண்டியை எடுத்தால்தான் அடுத்த கூட்டம் நிறுத்த முடியும். ஆகவே வாசலில் இரண்டு இளைஞர்கள் விசிலோடு நிற்கிறார்கள். ஆறரைக்குப் போகிறவர் ஒன்பதரைக்கு வருகிறவரைக் கல்யாண வீட்டில் பார்த்தால்தான் உண்டு. ஞாயிறு பள்ளியும் ஆராதனையும் ஒரே நேரத்தில் நடப்பதால் பிள்ளைகள் பெரியவர்களோடு உட்கார்ந்து பிரசங்கத்தில் தூங்குகிற வாய்ப்பை இழந்தார்கள். டீச்சர்கள் பிரசங்கத்தையே இழந்தார்கள். ராபர்ட் ரெய்க்ஸ் 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ஞாயிறு பள்ளியை நடத்தத் தொடங்கியது, ஆறு நாளும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஏழாம் நாளாவது எழுத்துக் கற்கட்டும் என்று. எங்கள் பிள்ளைகள் ஆறு நாளும் பள்ளிக்கூடம் போய்விட்டு ஏழாம் நாளும் வகுப்புக்குப் போகிறார்கள். ரெய்க்ஸ் பார்த்தால் என்ன சொல்வாரோ.

ஊரடங்கு இதைக் கொஞ்சம் சுலபமாக்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 22, சுய ஊரடங்கு நாள், ஒரு ஞாயிறு. அன்றைக்குப் பூட்டிய கோயில் மாதக்கணக்கில் திறக்கவில்லை. 2021-இல் சில மாதங்களும் 2022 ஜனவரியிலும் வழிபாட்டுத் தலங்களை வெள்ளி, சனி, ஞாயிறு மூடி வைக்க அரசு உத்தரவு போட்டது. ஞாயிறை விட்டால் நாதியில்லாத எங்களுக்கு அது முழுப் பூட்டு. திறந்தபோது இடைவெளி விட்டு உட்கார வைப்பதற்காக இரண்டு வேளையாகப் பிரித்தோம், தற்காலிகம் என்று சொல்லி. நேரம் மாற்றலாம், மாற்றினாலும் கூரை இடிந்து விழாது என்று கமிட்டிக்குத் தெரிந்தது அப்போதுதான்.

ஏக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதை என் அக்காதான் சுட்டிக்காட்டினாள். "மரத்தடியில நின்னு பேசுனது நீங்க. நாங்க எப்ப நின்னோம்?" கொங்கு நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வீடு குறைவு. ஒன்பது மணி ஆராதனை முடிந்து பதினொன்றுக்கு வந்தால், மசாலா அரைத்து, குழம்பு கொதித்து, சாப்பாடு இறக்க ஒன்றரை ஆகிவிடும். அதனால் பெண்கள் ஆசீர்வாதம் சொல்லி முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விடுவார்கள். ஆறரை ஆராதனை வந்த பிறகு எட்டேகாலுக்கு வீட்டில் இருக்கிறாள், நிதானமாகச் சமைக்கிறாள், பத்து மணிக்குக் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாள். இந்த மாற்றத்தைப் பற்றி அவளிடம் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

பெண்களுக்கு என்று ஒரு மரத்தடி இருந்தது என்றால் அது மாலை ஆராதனைதான். சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவி, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, அவசரமில்லாமல் வருகிற ஒரே நேரம். பிரசங்கம் கால் மணி நேரம், கீர்த்தனைதான் எச்சு. முடிந்ததும் படியில் உட்கார்ந்து, மருமகளைப் பற்றிப் பேசி, வெயில் தாழ்ந்த காற்றில் சேர்ந்து நடந்து போவார்கள். "அப்ப பொழுதோட கோயிலு இல்லீங்களா" என்று ஆத்தா கேட்டது அதைத்தான். ஆராதனை இருக்குமா என்று அவர் கேட்கவில்லை. ஆராதனைக்கு என்ன, காலையில் இரண்டு இருக்கிறது.

ஆத்தா இப்போது ஆறரைக்கு வருகிறார். பேரன் பைக்கில் கொண்டு வந்து விடுகிறான். முதல் மாதம் தலையைக் குனிந்தபடியே வந்து போனார். அப்புறம் அந்த நேரத்துக்கு வருகிற இன்னும் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டார். ஆராதனை முடிந்ததும் விசில்காரப் பையன்கள் வண்டியை விரட்டிக்கொண்டிருக்க, மூவரும் கைப்பம்படிப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு எடுக்க வண்டி இல்லை. ஒரு தூக்குப்போசியில் காப்பி வருகிறது, யார் வீட்டிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

போன வாரம் கமிட்டியில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. டியூஷன் சென்டர் டெஸ்டைப் பத்து மணிக்குத் தள்ளிவிட்டதாம், ஒன்பதரை ஆராதனையில் பெரிய பிள்ளைகளைக் காணோம். ஏழுக்கு ஒன்று, எட்டே முக்காலுக்கு ஒன்று என்று மாற்றலாமா என்று யோசிக்கிறார்கள். செக்ரட்டரி போகிற போக்கில் இதை ஆத்தாவின் காதில் போட்டார்.

"ஏனுங்க, மறுக்காவும் மாத்தறீங்களா?" என்றார் ஆத்தா. "இப்பத்தான் இதுக்கு ஒடம்பு பழகுச்சு."